பாரிஸுக்கு நாலு நாள்: கிளம்புவதற்கு முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

நான் புதுச்சேரிக்காரி. பாரிஸை ஒட்டிய புறநகர் ஒன்றில் குடியேறிப் பதினான்கு வருடம் ஆகிறது. மே மாதம் பிறந்தால் போதும், சித்தி குடும்பம், அண்ணனோடு வேலை பார்ப்பவர், அம்மாவின் தோழி என்று ஊரிலிருந்து யாராவது கிளம்பி வருவார்கள். விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம் வாட்ஸப்பில் கேள்விகள் வந்து விழும். பெரும்பாலும் அதே கேள்விகள்தான், ஆனால் ஒன்றுகூட வீண் கேள்வி இல்லை. பதில் தெரியாமல் வந்து கஷ்டப்பட்டவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கட்டணங்கள் 2025 நிலவரப்படி.

பாரிஸ் ரொம்ப ஆபத்தான ஊராமே, வரலாமா?

தாராளமாக வரலாம். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இங்கே பொதுவாக என்ன நடக்கிறது என்றால், ஃபோன் போகும், பர்ஸ் போகும், காலில் கொப்புளம் வரும், வெயிலில் மயக்கம் வரும், கொண்டு வந்த மாத்திரை பாதியில் தீர்ந்துபோகும். இவை எல்லாமே முன்கூட்டி யோசித்தால் தவிர்க்கக்கூடியவை.

ஈபெல் கோபுரத்தடியிலும் பெரிய ரயில் நிலையங்களிலும் ராணுவத்தினர் துப்பாக்கியோடு மூன்று நான்கு பேராக நடந்து போவார்கள். ஏதோ நடந்துவிட்டது என்று பதறாதீர்கள், 2015 ஜனவரித் தாக்குதல்களுக்குப் பிறகு தொடங்கிய ரோந்து அது, எங்களுக்குத் தினசரிக் காட்சி. ஒன்று மட்டும் கவனம்: பெட்டியை பெஞ்சில் வைத்துவிட்டு காபி வாங்கப் போய்விடாதீர்கள். ஆளில்லாத பையைக் கண்டால் அந்த இடத்தையே காலி செய்து, ரயிலை நிறுத்தி, சோதனைக்கு ஆள் வரவழைப்பார்கள். உங்கள் ஒரு பைக்காக நூற்றுக்கணக்கான பேர் நடைமேடையில் காத்துக் கிடப்பார்கள்.

பிக்பாக்கெட் பயம் நிஜமா, எப்படித்தான் எடுக்கிறார்கள்?

நிஜம். 2013 ஏப்ரலில் லூவ்ர் அருங்காட்சியகத்தின் ஊழியர்களே பிக்பாக்கெட் தொல்லை தாங்காமல் வேலையை நிறுத்தியதால் ஒரு நாள் அருங்காட்சியகம் மூடிக் கிடந்தது. 2015 மேயில் ஈபெல் கோபுரத்திலும் அதே காரணத்துக்காக ஊழியர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். தனி ஆள் திருடுவது குறைவு, கூட்டமாகத்தான் வேலை செய்வார்கள். ஒருவர் வழியை மறிப்பார், ஒருவர் இடிப்பார், ஒருவர் கையை விடுவார், எடுத்த பொருள் அடுத்த நொடியே நாலாவது ஆளிடம் போயிருக்கும். நீங்கள் சந்தேகப்பட்டுப் பிடித்த ஆளிடம் ஒன்றும் இருக்காது. பலர் பதின்வயதுப் பிள்ளைகள், நன்றாக உடுத்தியிருப்பார்கள், கையில் சுற்றுலா வரைபடம்கூட இருக்கும்.

என் சித்தியின் ஃபோன் போன விதத்தைச் சொல்கிறேன். மெட்ரோவில் கதவோரம் நின்றுகொண்டு, எடுத்த படங்களை மகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். கதவு மூடப்போகிறது என்று ஒலி எழுந்தது. எதிரில் நின்ற பையன் ஃபோனின் மேல்முனையைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினான், வெளியே குதித்தான், கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் ஓடக்கூட இல்லை, நடந்துதான் போனான். சித்தியின் கை ஃபோனைப் பிடித்த நிலையிலேயே அப்படியே நின்றது. அன்றிலிருந்து எல்லோரிடமும் நான் சொல்வது, மெட்ரோவில் கதவோரம் ஃபோனை எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் உள்ளே தள்ளி நின்று இரண்டு கையாலும் பிடியுங்கள்.

சுற்றுலாக்காரர்கள் அதிகம் ஏறும் 1, 4 ஆகிய தடங்களிலும், ஷாத்லே, கார் டு நோர் போன்ற பெரிய நிலையங்களிலும், நகரும் படிக்கட்டின் தலைமாட்டிலும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். முதுகுப் பையைக் கூட்டத்தில் முன்பக்கம் திருப்பி மாட்டிக்கொள்ளுங்கள். பின் பாக்கெட்டில் எதையும் வைக்காதீர்கள். தெருவோரக் காபிக் கடையில் ஃபோனை மேசைமேல் வைக்காதீர்கள், ஒருவர் வந்து அதன்மேல் ஒரு தாளை விரித்து எதையோ கேட்பார், தாளோடு ஃபோனும் போய்விடும். பணத்தையும் கார்டுகளையும் ஒரே பர்ஸில் வைக்காமல் வீட்டில் இரண்டு பேர் இருந்தால் இரண்டு பேரிடமும் பிரித்து வையுங்கள், ஒரு கார்டு ஓட்டல் அறையிலேயே இருக்கட்டும். கார்டை முடக்க வங்கியின் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்பதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். ஃபோனில் மட்டும் வைத்திருந்தால் ஃபோனோடு அதுவும் போய்விடும்.

தாலிச் செயின், வளையல் போட்டுக்கொண்டு வரலாமா?

இதை அத்தை, சித்தி எல்லோரும் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். நேராகவே சொல்கிறேன். தங்கம் பளிச்சென்று தெரியும்படி வேண்டாம். நம் ஊர்ப் பெண்கள் கழுத்தில் தங்கம் இருக்கும் என்று இங்கே அறுப்பவர்களுக்கும் தெரியும். தாலியைக் கழற்ற மனம் வராது, கழற்றச் சொல்லவும் மாட்டேன். பல பேர் பயணத்துக்கு மட்டும் மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு வருகிறார்கள், அது நல்ல வழி. செயினோடுதான் வருவேன் என்றால் கழுத்து மூடிய சட்டைக்குள் இருக்கட்டும், கோடையிலும் மெல்லிய துப்பட்டா ஒன்று சுற்றிக்கொள்ளுங்கள். வளையல், நெக்லஸ் எல்லாம் ஊரிலேயே பீரோவில் இருக்கட்டும்.

தெருவில் யாராவது வந்து பேசினால்?

மோன்மார்த் மலையில் சாக்ரே கர் தேவாலயப் படிக்கட்டில் ஏறும்போது சிலர் சிரித்தபடி வந்து உங்கள் விரலில் நூல் கட்டத் தொடங்குவார்கள். முடிச்சுப் போட்டு முடித்தபின் காசு கேட்பார்கள், கொடுக்காமல் நகர விடமாட்டார்கள். கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நிற்காமல் நடங்கள், அவ்வளவுதான். அட்டையில் கையெழுத்துக் கேட்டு வரும் பெண்கள், உங்கள் காலடியில் "மோதிரம் கிடந்தது" என்று எடுத்து நீட்டுபவர், பாலத்தில் மூன்று கிண்ணத்துக்கு அடியில் பந்து வைத்து விளையாடச் சொல்பவர், எல்லாம் ஒரே தொழில்தான். அந்தக் கிண்ண விளையாட்டில் ஜெயித்துக் குதிக்கிறாரே ஒருவர், அவரும் அவர்கள் ஆள். ஒரு ஆளிடமும் பதிலே சொல்லாமல் போவது மரியாதைக் குறைவு இல்லையா என்று நம் ஆட்கள் நின்றுவிடுகிறார்கள். இங்கே அப்படி யாரும் நினைக்க மாட்டார்கள். "நோன் மெர்சி", அதாவது வேண்டாம், நன்றி என்று சொல்லிக்கொண்டே நடக்கலாம்.

விமான நிலையத்திலிருந்து எப்படி வருவது?

ஷார்ல் து கோல் நிலையத்தின் வெளிவாசல் கூடத்தில் "டாக்ஸி, டாக்ஸி" என்று பக்கத்தில் வந்து கூப்பிடுபவர் எவரும் டாக்ஸிக்காரர் இல்லை. வெளியே வரிசை இருக்கிறது, அங்கே போய் நில்லுங்கள். நகருக்குள் வர நிர்ணயிக்கப்பட்ட கட்டணம் உண்டு: சேன் நதியின் வலதுகரைக்கு, அதாவது நகரின் வடபாதிக்கு 56 யூரோ, தென்பாதியான இடதுகரைக்கு 65. ஓர்லி என்ற இன்னொரு விமான நிலையத்திலிருந்து என்றால் இடதுகரைக்கு 36, வலதுகரைக்கு 45. பெட்டிக்குத் தனிக் காசு கிடையாது. ரயிலில் வருவதானால் விமான நிலையச் சீட்டு 2025-ல் 13 யூரோவாக இருந்தது.

மெட்ரோ சீட்டு 2025-ல் எந்தத் தூரத்துக்கும் 2.50 யூரோவாக இருந்தது. இதில் குடும்பத்தோடு வருபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. நவிகோ ஈஸி என்ற அட்டையில் பத்து சீட்டு ஏற்றி, கணவன் மனைவி இருவரும் ஒரே அட்டையைத் தட்டிக்கொண்டு நுழையக் கூடாது, சேர்ந்து போகும்போது ஆளுக்கொரு அட்டை வேண்டும். பரிசோதகர் பிடித்தால் அபராதம் அங்கேயே கட்ட வேண்டியிருக்கும். வெளியே வரும்வரை சீட்டைத் தூக்கி எறியாதீர்கள்.

மருந்து என்னென்ன எடுத்து வரலாம்?

உங்கள் வழக்கமான மருந்துகள் எல்லாம், பயண நாளுக்கும் மேலே ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவு. அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போடாமல், வாங்கிய அட்டையோடு, டாக்டர் சீட்டோடு. சீட்டில் நம் ஊர்க் கம்பெனிப் பெயர் மட்டும் இருந்தால் இங்கே யாருக்கும் புரியாது, மருந்தின் மூலப்பெயரை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் பிரஷர் மாத்திரையும் அதோடு போய்விடும். இன்சுலினை ஒருபோதும் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள், சரக்கு அறைக் குளிரில் உறைந்தால் வீணாகும். திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற விதி டாக்டர் சீட்டோடு வரும் மருந்துக்குப் பொருந்தாது, பாதுகாப்புச் சோதனையில் தனியாக எடுத்துக் காட்டினால் போதும்.

நம் ஊரில் கடையில் கேட்டு வாங்குகிற பல மருந்துகள் இங்கே சீட்டில்லாமல் கிடைக்காது. ஆன்டிபயாடிக் கேட்ட உடனே தர மாட்டார்கள். கோடீன் கலந்த இருமல் மருந்துக்கு 2017 ஜூலையிலிருந்து சீட்டு வேண்டும். மூக்கடைப்புக்கான சூடோஎபெட்ரின் மாத்திரைக்கு 2024 டிசம்பரிலிருந்து வேண்டும். பாரசிட்டமால் கிடைக்கும், இங்கே பிரபலமான பெயர் டோலிப்ரான், ஆனால் அலமாரியில் நீங்களே எடுக்க முடியாது, மருந்தாளரிடம் கேட்க வேண்டும். அதில் 1000 மில்லிகிராம் மாத்திரை சாதாரணமாக விற்கும். ஊரில் 650 போட்டுப் பழகியவர்கள் அட்டையில் உள்ள எண்ணைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

நெய், பொடி, ஊறுகாய்?

பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய் பிரச்சினை இல்லை. நெய், பால்கோவா, கறி ஊறுகாய் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருட்களைப் பயணிகள் கொண்டு வருவதற்குத் தடை. கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் கொண்டு வர முடியாது. பழங்களில் வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் இந்தச் சான்றிதழ் வேண்டாம்.

உடம்புக்கு வந்துவிட்டால் யாரிடம் போவது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நிறைய நேரம் செலவழிக்கிறேன், தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

சின்ன உபாதைக்கு முதலில் மருந்துக்கடை. பச்சை விளக்கில் சிலுவை மினுங்கும், எந்தத் தெருவிலும் ஒன்று இருக்கும். உள்ளே இருப்பவர் படித்த மருந்தாளர், வயிற்றுப்போக்கு, தோல் அரிப்பு, பூச்சிக்கடி, தொண்டை வலிக்கெல்லாம் விசாரித்து மருந்து தருவார், டாக்டரைப் பார்க்க வேண்டியதென்றால் அதையும் சொல்வார், ஆலோசனைக்குக் காசு இல்லை. ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும். அப்போது முறை வைத்துத் திறந்திருக்கும் கடை எங்கே என்று கதவில் ஒட்டியிருப்பார்கள்.

பொது மருத்துவரின் வழக்கமான கட்டணம் 30 யூரோ, சிலர் அதற்கு மேலும் வாங்குவார்கள். டொக்டொலிப் என்ற செயலியில் ஆங்கிலம் பேசுபவரைத் தேடி நேரம் வாங்கலாம். ஓட்டல் அறைக்கே டாக்டர் வர வேண்டுமென்றால் எஸ்ஓஎஸ் மெட்சான், எண் 3624, இரவிலும் வருவார்கள், கட்டணம் கூடுதல். பார்த்து முடித்ததும் கையெழுத்திட்ட கட்டணத்தாள் தருவார்கள், இன்சூரன்ஸுக்கு அது வேண்டும்.

அவசரம் என்றால் 15. அது மருத்துவ உதவிக்கு. தீயணைப்பு மற்றும் மீட்புக்கு 18, போலீசுக்கு 17. எதுவும் நினைவில்லையென்றால் 112, ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க எந்த ஃபோனிலிருந்தும் இலவசம், ஆங்கிலத்திலும் பேசலாம். முகவரி சொல்லும்போது தெரு, எண், வட்டாரம், எத்தனையாவது மாடி இவற்றோடு வாசல் கதவின் கடவு எண்ணையும் சொல்லுங்கள். பாரிஸ் கட்டடங்களில் அந்த எண்ணை அழுத்தாமல் தெருக்கதவே திறக்காது, வாடகை வீட்டில் தங்குகிறவர்கள் அதை ஒரு தாளில் எழுதி உள்கதவில் ஒட்டி வையுங்கள்.

என் மாமாவுக்கு நடந்தது இது. ஓட்டலில் இரவு பதினொரு மணிக்கு நெஞ்சில் அழுத்தம். வாயு என்று நினைத்து ஜெலுசில் குடித்தார். வியர்த்திருக்கிறது, இடது தோள் வலித்திருக்கிறது. அத்தை எனக்குக் கூப்பிடலாம் என்று சொன்னதற்கு, "இந்த நேரத்தில் எதற்குத் தொந்தரவு, ஆம்புலன்ஸ் வந்தால் லட்சக்கணக்கில் கேட்பான்" என்று விடியும்வரை உட்கார்ந்தே இருந்திருக்கிறார். ஆறு மணிக்கு எனக்கு ஃபோன் வந்தது, நான் இங்கிருந்து 15க்குப் போட்டேன். கால் மணிக்குள் வண்டி வந்தது. வண்டியிலேயே டாக்டர் வந்தார், அறையிலேயே ஈசிஜி எடுத்தார். அன்று மதியம் ஸ்டென்ட் வைத்தார்கள். நாலு நாள் பயணம் பதினொரு நாள் ஆனது, செலவை இன்சூரன்ஸ் ஏற்றுக்கொண்டது, மாமா இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த ஏழு மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை தளர்வது, பேச்சுக் குழறுவது, மூச்சு வாங்குவது, இவற்றில் எது வந்தாலும் உடனே 15. காசைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். யார் தூக்கத்தையும் கெடுக்கிறோமே என்று யோசிக்காதீர்கள்.

விசாவுக்கு எடுத்த இன்சூரன்ஸ் போதுமா?

பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம், அதனால் எல்லோரும் எடுத்துவிடுவார்கள், யாரும் படிப்பதில்லை. சர்க்கரை, பிரஷர், பழைய இதயநோய் இருந்தால் அதை விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு எந்த அளவுக்குத் தருவார்கள் என்று அந்த ஒரு பத்தியையாவது படியுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்த உடனேயே அவர்களுடைய உதவி எண்ணுக்குத் தகவல் சொல்ல வேண்டும், தாமதித்தால் தகராறு வரும். பொருள் திருட்டுக்குக் கேட்பதானால் போலீஸ் புகார் நகல் இல்லாமல் நடக்காது.

வெயில் எல்லாம் நமக்குப் புதுசா?

எல்லோரும் இப்படித்தான் சிரிப்பார்கள். நம் ஊர் வெயில் வேறு, இது வேறு. 2019 ஜூலை 25 அன்று பாரிஸில் 42.6 டிகிரி. 2003 ஆகஸ்ட் வெப்ப அலையில் பிரான்சில் சுமார் 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். ஊர் முழுக்கக் குளிருக்காகக் கட்டிய வீடுகள். மேல் மாடி அறைகளின் கூரை துத்தநாகத் தகடு, பகலெல்லாம் காய்ந்து இரவெல்லாம் கக்கும், மின்விசிறிகூட இருக்காது. நம் உடம்பு பகல் வெயிலைத் தாங்கிவிடும், இரவு தூக்கம் இல்லாமல் போவதுதான் ஆளைச் சாய்க்கிறது. ஜூலை, ஆகஸ்டில் வருவதானால் ஏசி இருக்கிறதா என்று ஓட்டலில் கேட்டுப் பதிவு செய்யுங்கள், மேல்மாடி வேண்டாம் என்று சொல்லுங்கள். பகலில் சன்னல் கதவுகளை மூடிவிட்டு இரவில் திறங்கள். ஜூனில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும், அதனால் மதியம் அறையிலோ குளுமையான பெரிய தேவாலயம் ஒன்றிலோ உட்கார்ந்துவிட்டு மாலை ஐந்துக்கு மேல் சுற்றினாலும் நேரம் மிச்சம் இருக்கும்.

குளிர்காலத்தில் வருகிறவர்கள் தடித்த ஒரே கோட்டை நம்பாமல் மெல்லிய துணி மூன்று அடுக்காகப் போடுங்கள். மெட்ரோவுக்குள் வெந்துபோகும், வெளியே நடுங்கும், கழற்றி மாட்டுவதுதான் வேலையாக இருக்கும்.

குழாய்த் தண்ணீர் குடிக்கலாமா? கழிப்பறைக்கு எங்கே போவது?

குடிக்கலாம், நாங்கள் வீட்டில் அதைத்தான் குடிக்கிறோம். உணவகத்தில் "ஊன் கராஃப் தோ" என்று கேட்டால் ஒரு கூஜாவில் குழாய்த் தண்ணீர் இலவசமாக வைப்பார்கள். வெறும் தண்ணீர் என்று கேட்டால் பாட்டில் வரும், பில்லிலும் வரும். தெருவில் கரும்பச்சை நிறத்தில், நான்கு பெண்கள் சிறு குவிமாடத்தைத் தாங்கி நிற்கும் இரும்பு ஊற்றுகளைப் பார்ப்பீர்கள். ரிச்சர்ட் வாலஸ் என்ற ஆங்கிலேயர் 1872-ல் ஏழைகளுக்கு நல்ல தண்ணீர் கிடைக்க வேண்டும் என்று தன் காசில் வைக்கத் தொடங்கியவை. இன்றும் தண்ணீர் வருகிறது, பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம், உறைபனிக் காலத்தில் மட்டும் நிறுத்திவிடுவார்கள்.

நகரில் 400-க்கும் மேற்பட்ட இலவசத் தானியங்கிக் கழிப்பறைகள் உண்டு. முன்னால் போனவர் வெளியே வந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழையாதீர்கள். கதவு மூடி, தானே கழுவிக்கொண்டு, பச்சை விளக்கு வந்தபின் பொத்தானை அழுத்திப் போங்கள், இல்லாவிட்டால் நனைந்துபோவீர்கள். இங்கே கழிப்பறையில் குழாய் கிடையாது, கைப்பையில் ஒரு சின்னத் தண்ணீர்ப் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குடித்தால் கழிப்பறை தேட வேண்டுமே என்று பல பெண்கள் பகல் முழுக்கக் குடிக்காமல் இருந்து, மூன்றாம் நாள் நீர்க்கடுப்போடு உட்கார்ந்துவிடுகிறார்கள். இதற்காகவே கழிப்பறைகளைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

சைவம் கிடைக்குமா? சர்க்கரைக்காரர் என்ன செய்வது?

கிடைக்கும், ஆனால் விளக்கிச் சொல்ல வேண்டும். சைவம் என்று சொன்னால் மீன் வைப்பார்கள், காய்கறி சூப்பில் கோழிச் சாறு இருக்கும், சாலட்டில் பன்றிக்கறித் துண்டு தூவியிருப்பார்கள், இனிப்பில் ஜெலட்டின் இருக்கும். "சான் வியாந்த், சான் புவாசோன்", அதாவது இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று இரண்டையும் சொல்லுங்கள். ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் கேளுங்கள். நிலக்கடலை, எள், கடுகு, பால் உட்பட 14 பொருட்களில் எது கலந்திருக்கிறது என்று சொல்வது ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி உணவகத்தின் கடமை. கர்ப்பிணிகள் காய்ச்சாத பாலில் செய்த சீஸ் வகைகளைத் தவிர்த்துவிடுங்கள்.

சர்க்கரைக்காரர்களுக்கு முக்கியமானது நேரம். இங்கே பல உணவகங்களில் மதியம் இரண்டரைக்கு அடுப்பை அணைத்தால் மாலை ஏழுக்குத்தான் பற்றவைப்பார்கள். அருங்காட்சியகத்தில் மெய்மறந்து நின்றுவிட்டு மூன்றரைக்கு வெளியே வந்தால் சோறு கிடைக்காது, காலையில் போட்ட மாத்திரை மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும். பிஸ்கட், வாழைப்பழம், நாலு சர்க்கரைக் கட்டி எப்போதும் பையில் இருக்கட்டும்.

அம்மாவுக்கு முட்டி வலி, மெட்ரோவில் ஏற முடியுமா?

கஷ்டம். பழைய மெட்ரோ, படிக்கட்டு படிக்கட்டாக இறங்க வேண்டும். முழுக்க லிஃப்ட் வசதியோடு இருப்பது 14-ம் தடம் ஒன்றுதான். ஷாத்லேயில் ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதே ஒரு நடைப்பயணம். வயதானவர்களோடு வந்தால் பஸ்ஸைப் பிடியுங்கள், தாழ்தளம், உட்கார்ந்துகொண்டே ஊரையும் பார்க்கலாம். புதுச் செருப்பு, புது ஷூ போட்டுக்கொண்டு வராதீர்கள். வருவதற்கு ஒரு மாதம் முன்பே அந்த ஷூவைப் போட்டுத் தினமும் நடந்து பழக்குங்கள், இங்கே ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தானாக நடந்துவிடுவோம். குதிகாலில் சூடு தெரிந்த உடனே, கொப்புளம் வருவதற்கு முன்னாலேயே, பிளாஸ்திரி போடுங்கள்.

சாலையைக் கடப்பதில் என்ன இருக்கிறது?

நிறைய. நாம் இடப்பக்கம் வண்டி ஓடும் ஊரில் வளர்ந்தவர்கள், கால் சாலையில் இறங்கும்போது தலை தானாக வலப்பக்கம் திரும்பும். இங்கே முதல் வண்டி இடப்பக்கத்திலிருந்து வரும். அதிலும் ரிவோலி தெரு போன்ற இடங்களில் சைக்கிள் பாதை பெரியது, இரண்டு திசையிலும் சத்தமே இல்லாமல் மின்சைக்கிள்கள் வரும், சில சந்திப்புகளில் சிவப்பு விளக்கிலும் சைக்கிள் போக அனுமதி உண்டு. ஃபோட்டோ எடுக்கப் பின்னால் நகர்ந்து நகர்ந்து சைக்கிள் பாதையில் போய் நிற்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். நின்றபடி ஓட்டும் வாடகை மின் ஸ்கூட்டர்களை 2023 செப்டம்பர் 1 முதல் ஊரைவிட்டே அனுப்பிவிட்டார்கள், அந்த ஒரு தொல்லை குறைந்தது.

மூட்டைப்பூச்சி?

2023-ல் செய்தியெல்லாம் பார்த்துவிட்டு எல்லோரும் கேட்டார்கள். நல்ல ஓட்டலிலும் வரலாம், அதனால் அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைக் கட்டிலில் வைக்காமல் குளியலறையில் வைத்துவிட்டு, மெத்தையின் தையல் ஓரத்தையும் தலைப்பலகைக்குப் பின்னாலும் ஃபோன் வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அறையை மாற்றச் சொல்லுங்கள். பார்க்க இரண்டு நிமிடம்தான் ஆகும்.

பெண் தனியாக வரலாமா?

வரலாம், என் தங்கை இரண்டு முறை வந்து போனாள். பெப்பர் ஸ்ப்ரே மட்டும் கொண்டு வராதீர்கள், இங்கே அதைப் பையில் வைத்துக்கொண்டு நடப்பது சட்டப்படி குற்றம். மெட்ரோவிலோ ரயிலிலோ யாராவது தொந்தரவு செய்தால் 3117 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம், பேச முடியாத நிலை என்றால் 31177-க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். இரவு பத்து மணிக்கு மேல் பல தடங்களின் பஸ்களில் வரும்போது இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவில், நீங்கள் தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிடச் சொல்லி ஓட்டுநரிடம் கேட்கலாம். தங்கைக்குப் பிடித்த விஷயம் இதுதான். இரவு மெட்ரோவில் ஒரு பெட்டி காலியாக இருக்கிறதே என்று போய் உட்காராதீர்கள், ஆட்கள் இருக்கிற பெட்டியில் ஏறுங்கள். இருட்டியபின் நகரின் மேற்கு ஓரத்தில் உள்ள புலோன் காட்டுப்பக்கம் வேண்டாம்.

பாஸ்போர்ட் தொலைந்தால்?

முதலில் போலீஸ் நிலையத்தில் புகார், அதன் நகலோடு 16-ம் வட்டாரத்தில் உள்ள இந்தியத் தூதரகம். உடனே நாடு திரும்ப வேண்டியவர்களுக்கு அவசரச் சான்றிதழ் தருவார்கள், அது இந்தியாவுக்கு ஒருவழிப் பயணத்துக்கு மட்டும், பாரிஸ் முடிந்து சுவிஸ் போவதெல்லாம் அதில் நடக்காது. பாஸ்போர்ட், விசாப் பக்கங்களின் நகலும் இரண்டு பாஸ்போர்ட் அளவுப் படமும் தனிப் பையில் இருந்தால் வேலை பாதியாகக் குறையும். நான் அசலை ஓட்டல் பெட்டகத்தில் வைத்துவிட்டு நகலோடு சுற்றச் சொல்வேன். போலீஸ் கேட்டால் அசலைக் காட்ட வேண்டிவரலாம், ஆனாலும் திருட்டுப் போவதைவிட அது மேல்.

சேன் நதியில் குளிக்கலாமாமே?

1923-ல் தடை செய்ததை 2025 ஜூலையில் மூன்று இடங்களில் திறந்தார்கள், கோடைக்கு மட்டும், உயிர்காப்பாளர் மேற்பார்வையில். அன்று இறங்கலாமா என்பதைக் காட்டும் கொடியின் நிறத்தைப் பாருங்கள். பெருமழை பெய்தால் சாக்கடை நிரம்பி ஆற்றில் கலக்கும், அதற்கு அடுத்த நாட்களில் மூடிவிடுவார்கள். மற்ற இடங்களில் இறங்கவே கூடாது, படகுப் போக்குவரத்தும் இழுப்பும் அதிகம்.

நம் சாப்பாடு, நம் ஆட்கள் எங்கே?

கார் டு நோர் நிலையத்துக்குப் பின்னால் லா சப்பல். ஈழத்திலிருந்து எண்பதுகளில் வந்தவர்கள் கட்டியெழுப்பிய கடைத்தெரு அது. மூன்று நாள் ரொட்டி தின்று வயிறு கட்டிப்போனவர்கள் அங்கே போய் ஒரு தட்டு சோறும் ரசமும் சாப்பிட்டால் முகமே மாறிவிடும். கறிவேப்பிலை, நெய், இஞ்சி மிட்டாய் எல்லாம் அங்கேயே இருக்கிறது. வழி தெரியாவிட்டாலும் பிரெஞ்சில் எழுதிய ஏதாவது புரியாவிட்டாலும் கடையில் அண்ணா, அக்கா என்று கூப்பிட்டுக் கேளுங்கள், நின்று விளக்குவார்கள். மெட்ரோ வாசலில் கூட்டம் நெருக்கும், சிகரெட் விற்பவர்கள் நிற்பார்கள், அந்தப் பத்தடியைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு கடந்துவிடுங்கள்.

பக்கத்திலேயே 18-ம் வட்டாரத்தில் மாணிக்க விநாயகர் ஆலயம். கோடைக் கடைசியில் தேர் புறப்படும். அந்தச் சமயத்தில் வருகிறவர்கள் குழந்தைகளுக்கு மூடிய ஷூ போட்டு அழைத்து வாருங்கள், தேருக்கு முன்னால் உடைத்த தேங்காய் ஓடு தெருவெல்லாம் சிதறிக் கிடக்கும்.